தாத்தாவின் டிரங்குப் பெட்டி: பழைய நோட்டு, தகரக் கார், பொம்மை. துடைக்கலாமா, அப்படியே விடலாமா?

சிரியம் வாசி | சனி, இரவு 8:10

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க வாசிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன். இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதறேன்.

போன மாசம் எங்க அப்பாயி தவறிட்டாங்க. மியான்மர்ல, ரங்கூனுக்குப் பக்கத்துல சிரியத்துல இருக்கற பழைய மர வீட்டைப் பிரிச்சுக் கட்டப் போறோம். அதனால அவங்க கட்டிலுக்கு அடியில இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். சாவி எப்பவும் அவங்க இடுப்புலதான் இருக்கும். உள்ள என்ன இருக்குன்னு எங்க அப்பாகூடப் பார்த்ததில்ல.

நூறு கியாட் (பர்மா காசு) நோட்டு பதினேழு, சுதந்திரத் தலைவர் போஜோ ஆங் சான் படம் போட்டது. ஜப்பான்காரன் காலத்து ரூபாய் நோட்டு ஒரு பிடி. அப்பா காலத்து 35, 75 கியாட் நோட்டு கொஞ்சம். சாவி இல்லாம, தள்ளி விட்டா ஓடற சின்ன தகரக் கார் ஒண்ணு. அடியில ஆங்கிலத்துல ‘மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்’னு பொறிச்சிருக்கு. பயா (புத்தர் கோயில்) படிக்கட்டுல விப்பாங்களே, தள்ளிவிட்டா எந்திரிச்சு நிக்கிற பிட் டைங் டாவுங் பொம்மை, அதுவும் ஒண்ணு. அதோட முகம் பாதி அழிஞ்சு போச்சு. கடைசியா ஒரு காசுமாலை. அதுல பாதி ராஜா தலை போட்ட ரூபாய், மீதி மயில் போட்ட ரூபாய்.

தாத்தா ஜவுளிக் கடை வெச்சிருந்தவர். 1964ல கடை போச்சு. நோட்டு எப்படித் தங்குச்சுன்னு அப்பாயி ஒரு நாளும் சொன்னதில்ல.

நோட்டெல்லாம் மடிஞ்சு அழுக்கா இருக்கு. சோப்புத் தண்ணியில அலசி, இஸ்திரி போட்டு, லேமினேட் பண்ணி மாட்டலாம்னு சித்தப்பா சொல்றார். காசுமாலையைப் புளி போட்டுத் தேய்ச்சா பளபளக்கும்னு அத்தை சொல்றாங்க. காருக்குப் பெயின்ட் அடிக்கலாம்னு தம்பி நிக்கிறான். ரங்கூன் பான்சொடான் தெருவுல ஒரு கடைக்காரர் எல்லாத்தையும் மொத்தமா எடுத்துக்கறேன்னு விலை சொல்லிட்டார். திங்கக்கிழமை பதில் சொல்லணும். யாராவது வழி சொல்லுங்க.

---

மோல்மேன் அக்கா | சனி, இரவு 8:31

தம்பி, அப்பாயிக்கு என் அஞ்சலி. முதல் வேலையா சித்தப்பாவை லேமினேட் கடைப் பக்கம் போகவிடாதீங்க. மத்ததெல்லாம் பிறகு பேசுவோம்.

லேமினேட்ல சூடுபட்டு உருகற பசை காகிதத்து நாருக்குள்ள இறங்கிடும், திரும்ப எடுக்க முடியாது. எங்க வீட்டுல தாத்தாவோட கப்பல் டிக்கெட்டை அப்படித்தான் ‘பத்திரம்’ பண்ணினாங்க. பத்து வருஷத்துல ஓரமெல்லாம் காத்து புகுந்து பூத்துப் போச்சு, மை ஒரு பக்கம் கரைஞ்சிடுச்சு. இப்ப அதை எடுத்துப் பார்க்கவே எனக்கு மனசு வரலை.

பொம்மைக்குப் படம் போடுங்க. முகத்தைத் தொடாதீங்க.

---

பீச் ரோடு 69 | சனி, இரவு 9:02

சென்னையிலேர்ந்து. எங்க அப்பா ரங்கூன்லேர்ந்து வந்தவரு, பர்மா பஜார்ல 1969லேயே கடை போட்டவங்கள்ல ஒருத்தரு. நானும் முப்பது வருஷமா பழைய சாமான் வாங்கி விக்கிறேன். அதனால வியாபாரி கண்ணோட சொல்றேன், தப்பா நினைக்காதீங்க.

ஜப்பான் நோட்டுக்குப் பெருசா விலை இல்ல தம்பி. 1942லேர்ந்து மலைமலையா அடிச்சுத் தள்ளினாங்க, 1945ல ஒரே நாள்ல காகிதமாச்சு. எரிச்சதும் பட்டம் விட்டதும் போக, மிச்சமே உலகம் பூரா கிடக்கு. பர்மாவுக்கு அடிச்சதுல எழுத்து ‘பி’யில ஆரம்பிக்கும், மலாயாவுக்கு ‘எம்’. அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நூறு கியாட்ல பதினேழும் உங்களுக்கு எதுக்கு? நல்லதா மூணு வெச்சுக்கிட்டு மிச்சத்தை வித்துடுங்க. வீடு கட்டறீங்க, காசு வேணும். பெட்டியிலேயே வெச்சிருந்து கரையான் தின்னா யாருக்கு லாபம்? பொருள் கைமாறினாத்தான் பிழைச்சிருக்கும். இதை நான் மனசார நம்பறேன்.

ஆனா அலசறது, இஸ்திரி போடறது வேணாம். அலசின நோட்டு தொட்டாலே தெரியும், மொடமொடப்பு போயிடும். தரம் பார்க்கிறவங்க 70 புள்ளிக்கு எடை போடுவாங்க. அலசின நோட்டுன்னா அந்தக் குறிப்பை எழுதியே கொடுப்பாங்க, விலை பாதிக்குக் கீழ இறங்கிடும். அழுக்கு நோட்டு அழுக்காவே இருக்கட்டும்.

---

பான்சொடான் நடைபாதை | சனி, இரவு 9:47

தம்பி, நான் நாற்பது வருடமாகச் சேர்க்கிறவன். உங்கள் பட்டியலில் ஒன்றை நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். அதைக் கேட்டுவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

பதினேழு நோட்டும் எதில் சுற்றியிருந்தன? கயிறா, துணியா, காகிதமா? அது இப்போது எங்கே இருக்கிறது?

இதை ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். உங்களிடம் இருப்பது 1958ல் வந்த வரிசை. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த வருடம்தான் கடைகளும் அரசுடைமை ஆயின. வங்கிகள் 1963லேயே போய்விட்டன. நம் ஆட்கள் லட்சக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். அந்த நோட்டு இன்றைக்கும் சந்தையில் கிடைக்கிறது, பீச் ரோடு ஐயா சொல்வது உண்மைதான். ஆனால் ‘சிரியத்தில் ஜவுளிக் கடை வைத்திருந்த ஒரு தமிழர் 1964ல் கட்டி வைத்து, அறுபது வருடம் பிரிக்காமல் கிடந்த கட்டு’ எந்தச் சந்தையிலும் கிடைக்காது. அதை நிரூபிப்பது நோட்டு இல்லை, கட்டின விதம். பிரித்துவிட்டால் அது வெறும் பதினேழு நோட்டு.

இன்னொன்று. வரிசை எண்களைப் பார்த்தீர்களா? தொடர்ச்சியாக இருந்தால் உடைக்காதீர்கள்.

காசுமாலை: மயில் போட்டது பர்மிய மன்னர் மிண்டோனின் ரூபாய். பர்மிய எண்ணில் 1214 என்று இருக்கும். அது பர்மிய சகாப்தம், அவர் பட்டத்துக்கு வந்த வருடம், நம் கணக்கில் 1852-53. ஆனால் காசு அடித்தது 1865க்குப் பிறகு, மாந்தளை அக்கசாலையில் (காசு அடிக்கும் இடம்). எந்த வருடம் அடித்தாலும் அதே 1214தான் போட்டார்கள். எடை இந்திய ரூபாயை ஒட்டியே இருக்கும், அதனால்தான் நம் பெண்கள் இரண்டையும் ஒரே மாலையில் கோத்தார்கள். கொக்கி பற்றவைத்த காசுக்கு நாணயச் சந்தையில் மதிப்புக் குறையும். கொக்கியை அறுத்தாலும் வடு போகாது. மாலையாக இருந்தால் அது மாலை, அறுத்தால் காயம்பட்ட காசு. புளி வேண்டவே வேண்டாம். வெள்ளியின் மேல் படிந்த கருமை நூறு வருடம் எடுத்துப் படிந்தது. புளி போட்டுத் தேய்த்தால் அது போய்விடும், கூடவே மயிலின் தோகைக் கோடுகளும் மழுங்கும்.

ராஜா தலையில் ஆறாம் ஜார்ஜ் இருந்தால் வருடம் பாருங்கள். 1940ல் காசில் உள்ள வெள்ளியின் அளவை 0.917லிருந்து 0.5 ஆகக் குறைத்தார்கள். அப்பாயியின் மாமியார் காலத்து மாலை என்றால் அநேகமாக எல்லாம் பழைய வெள்ளியாகத்தான் இருக்கும்.

---

சிரியம் வாசி | சனி, இரவு 10:15

ஐயா, நீங்க கேட்டதும் கை நடுங்கிடுச்சு. நோட்டுக்கட்டு ஒரு லோஞ்சி (பர்மியக் கைலி) கிழிசலால கட்டியிருந்தது, அது என்கிட்டயே இருக்கு. அதுக்கு உள்ள ஒரு செய்தித்தாள் சுத்தியிருந்தது. தமிழ்ப் பேப்பர். பழுப்பேறி, மடிச்ச இடமெல்லாம் ஒடைஞ்சிருந்தது. நான் அதைப் பிரிச்சுத் தூரப் போட்டேன்னு நினைக்கிறேன். வீட்டுல கேட்டுப் பார்க்கறேன்.

வரிசை எண் பார்த்தேன். பதினொண்ணு தொடர்ச்சியா இருக்கு. ஆறு தனித்தனி.

---

பான்சொடான் நடைபாதை | சனி, இரவு 10:22

தேடுங்கள். இரவே தேடுங்கள்.

ரங்கூனில் அச்சான தமிழ் நாளிதழ்கள் 1966க்குப் பிறகு இல்லை. பர்மிய, ஆங்கிலப் பத்திரிகைகள் தவிர மற்ற மொழிகளில் தனியார் நாளிதழ் நடத்த அந்த வருடம் முதல் அனுமதி இல்லாமல் போனது. மழை, கரையான், கப்பல் பயணம் எல்லாம் தாண்டி ஒரு தாள் மிஞ்சுவது சாதாரணம் இல்லை. நோட்டைச் சேர்த்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பேப்பரைச் சேர்த்தவர் யாரும் இல்லை, ஏனென்றால் அன்றைக்கு அது காசு இல்லை.

---

இருபத்தேழாம் தெரு | சனி, இரவு 10:58

தேடி வரட்டும் தம்பி. இடையில அந்த 35, 75 பத்தி நான் சொல்றேன், அது என் வயசுல நடந்தது.

1985 நவம்பர்ல 50, 100 கியாட் போச்சு. ஒரு வாரத்துல 75 நோட்டு வந்தது. மறு வருஷம் ஆகஸ்ட்ல 15, 35. நாங்க சிரமப்பட்டுப் பழகிட்டோம். அதுக்குள்ள 1987 செப்டம்பர் 5, காலையில எந்திரிச்சா 25, 35, 75 மூணும் செல்லாது. இந்தத் தடவை மாத்திக் கொடுக்கவும் இல்ல. எங்க அப்பா முதல் நாள்தான் ரெண்டு மூட்டை உளுந்து வித்துட்டுக் காசோட வந்தார். பையைத் திண்ணையில வெச்சுட்டு உக்காந்தவர் மத்தியானம் வரைக்கும் எந்திரிக்கல. அம்மா சோறு போட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டு, தட்டை அப்படியே மூடி வெச்சாங்க.

அதே மாசம் 22ந்தேதி 45ம் 90ம் வந்தது. 45ல எண்ணெய்க் கிணத்துத் தொழிலாளர் தலைவர் தகின் போ லா ஜீ, 90ல விவசாயிகள் புரட்சித் தலைவர் சாயா சான். ஆட்சியில இருந்த நே வின்னுக்கு ஒன்பதுதான் ராசி எண்ணாம்; ரெண்டுமே ஒன்பதால வகுபடும், இலக்கத்தைக் கூட்டினாலும் ஒன்பது. கடைத்தெருவுல சில்லறை கணக்குப் போடறது எவ்வளவு பாடு! நூறு கியாட் சாமானுக்கு ரெண்டு 45, ஒரு பத்து. என் மூத்த பையன் பெருக்கல் வாய்ப்பாட்டுல 45 வாய்ப்பாட்டைத்தான் முதல்ல மனப்பாடம் பண்ணினான்.

நான் இந்த ‘கோணல்’ நோட்டுகளை மட்டும் சேர்க்கறேன்: 15, 25, 35, 45, 75, 90. ஆல்பத்தைத் திறந்தா அப்பா உக்காந்திருந்த திண்ணை கண்ணுக்கு வரும். அதனால தம்பி, 35ம் 75ம் பத்தி அப்பாகிட்ட இப்பவே கேட்டு எழுதி வைங்க. எப்ப, எங்க, எந்தக் காசுன்னு. அந்தச் சீட்டு நோட்டோடவே இருக்கட்டும்.

---

தட்டோன் தம்பி | ஞாயிறு, காலை 7:20

அண்ணே அக்காமாரே, இழைக்கு நடுவுல ஒரு கேள்வி. எங்க வீட்டுல ஆசாத் ஹிந்த் பேங்க் நோட்டு ஒண்ணு இருக்கு, நேதாஜி படத்தோட. பெரிய தாத்தா ஐ.என்.ஏ.ல (நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம்) இருந்தவர். நிஜமா இருக்குமா?

---

பான்சொடான் நடைபாதை | ஞாயிறு, காலை 8:05

தம்பி, அந்த வங்கி நிஜம். 1944 ஏப்ரலில் ரங்கூனிலேயே தொடங்கினார்கள். ஆனால் அந்தப் பெயரில் இன்றைக்குக் கைமாறுகிற நோட்டுகளில் பெரும்பாலானவை பிற்காலத்தில் நினைவுப் பொருளாக அச்சடித்தவை. ஆசாத் ஹிந்த் தபால்தலைகளும் அப்படி ஒரு தனிக் கதை. அவை ஜெர்மனியில் அச்சானவை, தபாலில் ஒட்டிப் புழங்கவே இல்லை. ‘ரங்கூனில் முத்திரை குத்தியது’ என்று யாராவது கொண்டு வந்தால் விலகி நில்லுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்குக் கடைகளில் கிடைக்கும். இருட்டறையில் காட்டுங்கள். காகிதம் நீல வெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது போருக்குப் பிந்தியது. காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் 1950 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஒளிராவிட்டால் நிஜம் என்று அர்த்தம் இல்லை, ஒளிர்ந்தால் பெரும்பாலும் பொய்.

ஆனால் கேளுங்கள்: பெரிய தாத்தா நகை கொடுத்த ரசீது, முகாம் அட்டை, கடிதம் ஏதாவது இருக்கிறதா? அந்தக் காலத்தில் நம் வீட்டுப் பெண்கள் தாலி வரைக்கும் கழற்றிக் கொடுத்தார்கள். நோட்டு எதுவாக இருந்தாலும், வீட்டில் எவரும் கண்டுகொள்ளாத அந்த ரசீதுக்கு ஈடாகாது.

---

மோல்மேன் அக்கா | ஞாயிறு, காலை 9:40

பொம்மைக்கு வர்றேன், என் விஷயம் அதுதான்.

பிட் டைங் டாவுங்னா ‘எறி, எந்திரிச்சு நிக்கும்’னு அர்த்தம். ஈரக் காகிதத்தை அச்சு மேல அடுக்கடுக்கா ஒட்டி, காய்ஞ்சதும் அறுத்து எடுத்து, திரும்ப ஒட்டி, அடியில களிமண் கனம் வைப்பாங்க. நம்ம தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கு ஒண்ணு விட்ட தங்கச்சின்னு நான் சொல்லுவேன். எங்க வீட்டுக் கொலுவுல ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான் உக்காரும். சின்ன வயசுல நாங்க விழுந்து முட்டி உரிச்சுக்கிட்டா ஆயா அந்தப் பொம்மையைத் தட்டிவிட்டு ‘பாரு, அது அழுதா?’ன்னு கேப்பாங்க.

முகத்துல பெயின்ட் அடிக்காதீங்கன்னு சொன்னேனே, காரணம் இருக்கு. அந்த முகம் அச்சுல வந்தது இல்ல, கையால தீட்டினது. புருவம் ஒவ்வொரு கைக்கும் மாறும். பாதி அழிஞ்சிருந்தாலும் மிச்சம் இருக்கற பாதி அந்தக் கை. மேல பூசினா ரெண்டும் போயிடும். அழிஞ்சது எப்படின்னு யோசிச்சீங்களா? ஒரே பக்கம் அழிஞ்சிருந்தா, ஒரு குழந்தை தினமும் அந்தப் பக்கம் தட்டி விளையாடியிருக்கு. எந்தப் பக்கம்னு பாருங்க. காகிதப் பொம்மைக்கு ஈரத் துணி ஆகாது, மெல்லிய தூரிகையால தூசி தட்டினாப் போதும்.

தகரக் கார்: ‘ஆக்குபைட் ஜப்பான்’னு பொறிச்சா, அமெரிக்கக்காரங்க அங்க இருந்த காலத்துல, 1947லேர்ந்து 1952க்குள்ள செஞ்சது. அந்த அஞ்சு வருஷச் சாமான்னு அடியிலேயே எழுதிக் கொடுத்திருக்காங்க, எவ்வளவு வசதி! போருக்குப் பிறகு அங்க தகரம் கிடைக்கல, அமெரிக்கப் பட்டாளம் தூக்கிப் போட்ட டப்பாக்களை வெட்டி நிமிர்த்திப் பொம்மை செஞ்சாங்க. சன்னல் ஓட்டை வழியா டார்ச் அடிச்சு உள்பக்கம் பாருங்க. சில நேரம் பழைய டப்பாவோட அச்சு தெரியும். உங்களோடதுல தெரிஞ்சா எனக்குப் படம் அனுப்புங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

துருவுக்குக் காய்ஞ்ச துணி மட்டும். உப்புத்தாள் போட்டா வர்ணத்தோட வந்துடும், அது கையால அடிச்ச பெயின்ட் இல்ல, தகரத்து மேல அச்சடிச்ச வர்ணம். தம்பி புதுசா பெயின்ட் அடிச்சா அந்த அச்சுக்கு அடியில இருந்த எல்லாமே முடிஞ்சது. அந்தக் காலத்து வர்ணத்துல ஈயம் இருக்கும், அதனால வீட்டுக் குழந்தைங்க கையில கொடுக்காதீங்க. வாயில வெச்சிடும்.

இன்னொண்ணு, உங்க பெட்டியில இல்லாட்டியும் மத்தவங்களுக்குச் சொல்றேன். பழைய மெல்லிசான கண்ணாடி மாதிரிப் பொம்மை இருந்தா விரலால சூடு பறக்கத் தேய்ச்சு மோந்து பாருங்க. கற்பூர வாசனை வந்தா அது செல்லுலாய்டு. கற்பூரம் கலந்துதான் அதைச் செய்வாங்க, கற்பூரம் மாதிரியே குப்புன்னு பத்தும். கொலுப்படியில விளக்குக்குப் பக்கத்துல வெச்சு ஒரு வீட்டுல திரைச்சீலை பத்தினதை நான் நேர்ல பார்த்தவ.

---

சிரியம் வாசி | ஞாயிறு, மதியம் 1:25

கிடைச்சது!

அக்கா மக அந்தப் பேப்பரை எடுத்துச் சமையல்கட்டு அலமாரித் தட்டுல விரிச்சு, மேல மிளகாய்த்தூள் டப்பாவும் எண்ணெய்ப் போத்தலும் வெச்சிருக்கா. ஒரு மூலையில எண்ணெய் வட்டம் விழுந்திருக்கு. மேல் ஓரம் கிழிஞ்சு பேப்பர் பேர்ல ரெண்டு எழுத்துதான் மிச்சம். ஆனா தேதி இருக்கு. 1964, மே மாசம்.

கப்பல் டிக்கெட் விளம்பரம் இருக்கு, சென்னைக்கு. ஒரு கல்யாணப் பத்திரிகை மாதிரி அறிவிப்பு. அரிசி, மிளகாய் விலை. ஓரத்துல பென்சில்ல தாத்தா கணக்குப் போட்டிருக்கார், தமிழ் எண்ணுல: ௧௭. கீழ வேற சில எண், அதுக்குப் பக்கத்துல ‘கட்டியது’ன்னு ஒரு சொல். அவர் கையெழுத்தை இதுக்கு முன்னால நான் பார்த்ததே இல்ல. அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டுத் துடைச்சுட்டுப் படிச்சார்.

பொம்மை முகம் இடது பக்கம்தான் அழிஞ்சிருக்கு, அக்கா. எங்க பெரிய அத்தை இடதுகைக்காரங்களான்னு அப்பாகிட்டக் கேட்டேன், அவர் யோசிக்கவே இல்ல, வலதுகைதான்னு சொல்லிட்டார். நேருக்கு நேர் உக்காந்து வலது கையால தட்டினா பொம்மைக்கு இடது பக்கம்தானே படும்!

இப்ப பேப்பரை எப்படிக் காப்பாத்தறது?

---

பான்சொடான் நடைபாதை | ஞாயிறு, மதியம் 2:10

தம்பி, என் மனம் நிறைந்துவிட்டது.

முதலில் படம் எடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி சன்னல் அருகில் வைத்து, இரண்டு பக்கமும், ஓரங்களைத் தனித்தனியாக. பென்சில் எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில்தான் நன்றாகத் தெரியும். பிறகு வெயிலில் வைக்காதீர்கள். செய்தித்தாள் மரக்கூழில் செய்தது, அதில் இருக்கிற லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டால் அமிலமாகிக் காகிதத்தையே தின்னும். பழுப்பேறுவதும் ஒடிவதும் அதனால்தான்.

செல்லோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். அந்தப் பசை பத்து வருடத்தில் மஞ்சள் கறையாக உள்ளே இறங்கும். ஒடிந்த துண்டுகள் ஒடிந்தபடியே இருக்கட்டும், ஒன்றோடொன்று சேர்த்து வைத்தால் போதும். அமிலம் நீக்கிய காகிதம் இரண்டுக்கு நடுவில் தட்டையாக வைத்து, மேலே பாலியெஸ்டர் உறை. மளிகைக் கடையில் வாங்குகிற வழுவழுப்பான பி.வி.சி. உறை வேண்டாம். அது நம் ஊர் புழுக்கத்தில் வேர்த்து, நோட்டில் ஒட்டும், நாணயத்தில் பச்சை பூக்க வைக்கும். நோட்டுகளுக்கும் அதே விதிதான். எண்ணெய் வட்டத்தை எடுக்க முயலாதீர்கள். அது உங்கள் வீட்டு எண்ணெய்.

மழைக்காலம்தான் நம் முதல் எதிரி. ஜூனிலிருந்து அக்டோபர் வரை ரங்கூனில் அலமாரிக்குள்ளேயே பூஞ்சை பூக்கும். மூடி இறுக்கமான டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். அது நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். டப்பாவைத் தரையில் வைக்காதீர்கள், வெளிச் சுவரோடு ஒட்டியும் வைக்காதீர்கள்.

---

பீச் ரோடு 69 | ஞாயிறு, மாலை 4:30

நேத்து நான் மூணு வெச்சுக்கிட்டு மிச்சத்தை வித்துடுன்னு சொன்னேன். பேப்பரும் கணக்கும் கிடைச்ச பிறகு அந்தப் பேச்சை மாத்திக்கறேன். கட்டு முழுசா இருக்கட்டும். வித்தாலும் முழுக் கட்டா, பேப்பர், லோஞ்சித் துணியோட, எழுதி வெச்ச விவரத்தோட ஒரே கையில கொடுங்க. பிரிச்சு வித்தா நான் வாங்க மாட்டேன்.

ஜப்பான் நோட்டை மட்டும் தாராளமா விக்கலாம். அதுல உங்க வீட்டுக் கதை இல்லைன்னா.

ஒரு எச்சரிக்கை. மயில் ரூபாய் நூறு வருஷம் தாண்டினது. மியான்மர்ல 2015 சட்டப்படி அது தொல்பொருள் கணக்குல வரும். அனுமதி இல்லாம ஊருக்கு எடுத்துட்டு வராதீங்க. இங்க இந்தியாவுலயும் 1972 சட்டம் அதே நூறு வருஷக் கணக்குதான். யாராவது ‘சென்னைக்குக் கொண்டு வா, நல்ல விலை’ன்னு சொன்னா, நானே சொன்னாலும், காதுல போட்டுக்காதீங்க.

எங்க அப்பா கப்பல்ல வந்தப்ப கையில என்ன கொண்டு வந்தார்னு எனக்குத் தெரியாது. கேக்கவே இல்ல. அவர் போய்ப் பதினாறு வருஷம் ஆச்சு. நேத்து ராத்திரி உங்க பதிவைப் படிச்சுட்டு அம்மாவை எழுப்பிக் கேட்டேன். ஒரு ஈயத் தூக்குச்சட்டி, ரெண்டு வேட்டி, ஒரு மவுத் ஆர்கன். தூக்குச்சட்டி இன்னும் மொட்டைமாடியில கிடக்கு, அதுல செடி வெச்சிருக்காங்க. காலையில போய் மண்ணைக் கொட்டிட்டு எடுத்து வெச்சேன்.

---

தட்டோன் தம்பி | ஞாயிறு, மாலை 6:05

விளக்கு வாங்கிப் பார்த்தேன் ஐயா. நோட்டு நீலமா ஒளிருது. பொய்தான்.

ஆனா நீங்க சொன்னபடி பாட்டிகிட்டக் கேட்டேன். ராமாயணப் புஸ்தகத்துக்குள்ள ஒரு சீட்டு எடுத்துக் கொடுத்தாங்க. மை மங்கியிருக்கு, ஆனா ‘வளையல் 2’ன்னு தெரியுது. அது ஒளிரலை. படம் நாளைக்குப் போடறேன்.

என் பட்ஜெட்டுக்கு எதைச் சேர்க்கலாம்னும் யாராவது சொல்லுங்க. மாணவன்.

---

இருபத்தேழாம் தெரு | ஞாயிறு, இரவு 7:15

1949 நாணயங்கள்ல ஆரம்பி தம்பி. சிந்தேங்கற பர்மியக் காவல் சிங்கம் போட்டது. ஒரு பே (அப்ப இருந்த சில்லறை) காசு பூ மாதிரி நெளி நெளியா, ரெண்டு பே காசு மூலை மழுங்கின சதுரமா இருக்கும். கண்ணு தெரியாதவங்களும் தடவியே கண்டுபிடிச்சுடலாம். 1952ல தசம முறைக்கு மாறி பியா (நூறு பியா ஒரு கியாட்) வந்துடுச்சு, அதனால இது சின்ன, முடியக்கூடிய வரிசை. பிறகு 1966 அலுமினியக் காசு, ஆங் சான் தலையோட. ரெண்டும் நடைபாதையில டீ காசுக்குக் கிடைக்கும். முடிக்க முடிஞ்ச ஒரு வரிசையை முதல்ல முடி, அந்த ருசி தெரிஞ்சா பிறகு நீயே போய்க்குவ.

---

சிரியம் வாசி | திங்கள், இரவு 9:00

கடைக்காரருக்கு வேணாம்னு சொல்லிட்டேன். அவரும் வருத்தப்படலை.

ராத்திரி அப்பாவும் நானும் உக்காந்து எழுதினோம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு. அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன், பிறகு அவரே வாங்கி அவர் கையால எழுதினார், ‘உன் எழுத்து யாருக்கும் புரியாது’ன்னார். 75 கியாட் நோட்டு அவரோட ரெண்டாவது மாசச் சம்பளம். அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. காரை அவருக்கு வாங்கிக் கொடுத்தது தாத்தா இல்லையாம், கடையில வேலை செஞ்ச ஒரு பர்மிய அண்ணன். 64ல கடை போனப்ப கடைசி நாள் வந்து கொடுத்துட்டுப் போனாராம். பேர் ஞாபகம் வரலைன்னு அப்பா ரொம்ப நேரம் யோசிச்சார். சீட்டுல பேருக்கு இடம் விட்டு வெச்சிருக்கோம்.

மோல்மேன் அக்கா, டார்ச் அடிச்சுப் பார்த்தேன். உள்பக்கம் பச்சையும் வெள்ளையுமா அச்சு, நாலு ஆங்கில எழுத்து தலைகீழா தெரியுது. டப்பாதான். படம் இணைச்சிருக்கேன்.

---

மோல்மேன் அக்கா | திங்கள், இரவு 9:04

படத்தைப் பெருசாக்கிப் பார்த்துக்கிட்டிருக்கேன். இடது ஓரத்துல அஞ்சாவது எழுத்து ஒண்ணு மடிப்புக்குள்ள போகுது பாருங்க. டார்ச்சை முன் கண்ணாடி வழியா அடிச்சு இன்னொரு படம் எடுக்க முடியுமா? நான் முழிச்சிருக்கேன்.